பித்ராப் பேணியில் அளந்த மூல்

ஜூலை 5, சனி

கச்சான், மேற்கிலிருந்து வருகிற வெக்கைக் காற்று. பெண்சாதி பௌசியா கூட்டக் கூட்ட வாசலில் திரும்பவும் மணல்.

காலையில் மகளின் பாடசாலையில் பெற்றார் கூட்டம். சாரத்தோடு போகக் கூடாதென்று வீட்டு உத்தரவு. பெருநாளைக்கு எடுத்த வெள்ளைக் காற்சட்டை. மண்டபத்தில் பெயின்ற் வேலையாம், கூட்டம் இரசாயன ஆய்வுகூடத்தில். உயரமான ஸ்டூல் ஒன்றில் ஏறி உட்கார்ந்தேன். குளிர்ச்சியாக இருந்தது. இந்த வெக்கைக்கு நல்ல ஸ்டூல் என்று நினைத்துக்கொண்டேன். எழும்பிய பிறகுதான் தெரிந்தது, யாரோ ஒரு பிள்ளை கொண்டிஸ் தண்ணீரை, அந்த ஊதா மருந்துத் தண்ணீரை, சிந்திவிட்டுப் போயிருக்கிறது. பின்பக்கம் முழுக்க ஊதா.

அறிவித்தல் தாளால் மறைத்துக்கொண்டு சந்தைக்குள்ளால் நடந்தேன். மறைக்கிற ஆளைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். மீன் வெட்டுகிறவன் அண்ணன் முறை சொல்லிக் கூப்பிட்டான்: "காக்கா, கத்தரிக்காய்க் கூடையிலயா குந்தின?"

கூட்டத்தில் பேசிய கெமிஸ்ட்ரி ரீச்சர் பாண்டிருப்பு ஆள். மெல்லிய குரல். சொன்னது: "றிஸ்னா செய்முறையில கெட்டிக்காரி. ஆனா மூல் எண்ட அளவு விளங்கல்ல. மூல் விளங்காட்டி மற்றக் கணக்கு ஒண்டும் ஓடாது." பலமாகத் தலையாட்டினேன், மூல் என்பதையே நான்தான் கண்டுபிடித்ததுபோல. சாதாரண தரத்தில் விஞ்ஞானம் எனக்கு எஃப். எஃப் என்றால் பெயில்தான், வேறு மொழிபெயர்ப்பு இல்லை.

வீட்டுக்கு வந்து காற்சட்டையைக் கழற்றி எறியப் பார்த்தேன். ஊதா இப்போது தவிட்டு நிறம். றிஸ்னா பறித்து வாங்கினாள். தேசிக்காய் ஒன்றை வெட்டிப் புளிச்சாறு பிழிந்து தேய்த்தாள். கறை கண்முன்னால் போனது. ஏதோ மங்கனீசு, ஏதோ ஒட்சியேற்றம் என்று சொல்லிக்கொண்டே தேய்த்தாள். கையில் ஒரு வேகம், முகத்தில் ஒரு வெளிச்சம். இந்தப் பிள்ளைக்கா கெமிஸ்ட்ரி வராது?

மூல் என்று நான் வாயெடுத்ததும் வெளிச்சம் போயிற்று.

ஆஸ்பத்திரியில் இரத்தம் சோதிக்கிற அறை இருக்கிறதே, அதற்குள் வேலை செய்ய வேண்டும் என்பதுதான் அவளுடைய ஆசை. டொக்டர் வேண்டாமாம். "டொக்டர்மாரு நிறையக் கதைக்கணும் வாப்பா. உள்ளுக்கு இரிக்கிறவங்க கதைக்கத் தேவல்ல." அதற்கு உயிரியல் பிரிவு வேண்டும், அதற்குக் கெமிஸ்ட்ரி வேண்டும், கெமிஸ்ட்ரிக்கு மூல் வேண்டும். ஒரு கதவுக்குள்ளால் இன்னொரு கதவு.

செவ்வாய்க்கிழமை மீள் சோதனை. இரவுச் சாப்பாட்டில் சோற்றைப் பிசைந்தபடி சொன்னாள்: "இதிலயும் பாஸ் இல்லாட்டி நான் ஆர்ட்ஸுக்குப் போறன். இனிக் கதை இல்ல."

பௌசியா என்னைப் பார்த்தாள். நான் பருப்பைப் பார்த்தேன்.

ஜூலை 6, ஞாயிறு

காற்று குறையவில்லை. கரண்ட் இரண்டு தரம் போய் வந்தது.

சுபஹ் தொழுதுவிட்டு வந்து அவளுடைய புத்தகத்தை எடுத்தேன். மூக்குக்கண்ணாடியோடு, தேத்தண்ணியோடு, வைராக்கியத்தோடு. பிறகு தேத்தண்ணி மட்டும் மிஞ்சியது, அதுவும் ஆறி.

விளங்கியவை:
1. மூல் ஒரு அளவு.
2. அது கிராம் அல்ல.
3. லீற்றரும் அல்ல.
விளங்காதவை: மிச்சம் எல்லாம்.

நடுவில் ஒரு எண். ஆறுக்குப் பின்னால் இருபத்து மூன்று இலக்கங்கள். எழுதிப் பார்த்தேன், வரிக்குள் கொள்ளவில்லை. இத்தனையை எண்ணியவன் யார்? அவனுக்குப் பெண்சாதி பிள்ளை இல்லையா?

றி. பக்கத்து அறையில். ஒரே கணக்கை எழுதுகிற சத்தம், கிழிக்கிற சத்தம், எழுதுகிற சத்தம். போய்ப் பார்த்தேன். விரல் நுனி எல்லாம் குளிர்ந்து கிடந்தது, இந்த வெக்கைக்குள். "வாப்பா, எல்லாருக்கும் விளங்குது. எனக்கு மட்டும் ஏன் சுவர் மாதிரி நிக்கி?" தலையைத் தடவினேன். தலை தடவினால் மூல் விளங்குமென்றால் நான் இன்று பேராசிரியர்.

பகல், கேக்குக்குச் சீனி எடுத்துக் கொடுக்க அலுமாரிக்கு மேலே கை போட்டேன். பித்ராப் பேணி கீழே விழுந்தது, கிட்டத்தட்ட என் தலையில்.

பௌசியாவின் தாய்வீட்டுத் தகரப் பேணி அது. சரியாக ஒரு ஸாஉ, மார்க்கம் சொன்ன முகத்தலளவை, பிடிக்கும். நோன்புப் பெருநாளைக்கு ஏழைகளுக்குத் தலைக்கு ஒரு பேணி அரிசி, அதுதான் பித்ரா. வருசா வருசம் பள்ளிவாசலில் ஒரே வாக்குவாதம், ஒரு ஸாஉ எத்தனை கிலோ என்று. அரிசிக்கு ஒரு நிறை, மாவுக்கு ஒரு நிறை, பேரீச்சம்பழத்துக்கு இன்னொன்று. ஸாஉ ஒன்றுதான். சாமான் மாறினால் நிறை மாறும்.

பேணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். உடம்பெல்லாம் சிலிர்த்தது. சத்தியமாக.

றி.யைக் கூப்பிட்டேன். பௌசியாவின் கேக் தராசு, அரிசி, நான் வேலை செய்கிற அரிசி மில்லிலிருந்து கோழிக்குக் கொண்டுவந்த தவிடு.

"இது ஒரு ஸாஉ அரிசி. நிறை?"

"ரெண்டு கிலோவுக்கு மேல."

"இப்ப தவிடு."

"ஒரு கிலோவும் இல்ல."

"பேணி மாறினயா?"

"இல்ல."

"நிறை?"

"மாறின."

"அப்ப ஐதரசன் தவிடு மகள், இரும்பு அரிசி. பேணி ஒண்டு. பேணிக்குப் பேர் மூல்."

பேணிக்குள் எட்டிப் பார்த்தாள். பிறகு கண் அகன்றது. "வாப்பா! இருபத்திரண்டு தசம் நாலு லீற்றர்! ஒரு மூலுக்கு இருபத்திரண்டு தசம் நாலு லீற்றர் எண்டு புத்தகத்தில அடிக்கடி வரும். ஏனெண்டு விளங்காமலே பாடமாக்கினன். அதுதானா பேணிட அளவு?"

"ஓம் மகள்," என்றேன். "அதுதான்."

என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். பத்து வயதுக்குப் பிறகு கட்டியதில்லை. பௌசியா குசினியிலிருந்து: "அந்தத் தவிட்ட ஆரு கூட்டுற?"

இன்று சோறு இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டாள்.

ஜூலை 7, திங்கள்

மில்லுக்கு நெல் எடுக்கச் சாகாமம் போனோம். சிறுபோக நெல் வெட்டு தொடங்கிவிட்டது. லொறிக்குள் அடுப்பு வெக்கை. இறக்காமத்துப் பக்கம் நேற்றும் யானை இறங்கியதாம், ஒருவர் வயலில் கதிர் ஒன்றும் மிச்சமில்லை. அவர் எங்களுக்குத் தருவதாகச் சொன்ன நெல். நாங்கள் கேட்கப் போகவில்லை. என்னவென்று கேட்பது?

வாய் சும்மா இருக்கவில்லை. சாரதி சலீமிடம் மூல் பற்றி எடுத்துவிட்டேன்.

சலீம்: "அது என்ன காக்கா?"

"வெள்ளைக்காரன்ட பித்ராப் பேணி."

"அப்ப இந்த நெல்லுல ஒரு மூல் எடுத்தா எத்தின மூடை?"

முழித்தேன். பின்னேரம் றி.யிடம் கேட்டேன். சிரித்தாள்: "நெல்லுல ஒரு மூலா? இலங்கை முழுக்க மூடியும் மிஞ்சும் வாப்பா." நானும் சிரித்தேன். சலீமுக்குப் போன் எடுத்துச் சொன்னேன். அவன்: "அப்ப லொறி காணாது."

அஸர் தொழுகைக்குப் பிறகு பயிற்சிக் கணக்குகள். ஒட்சிசன் சரி. நைதரசன் சரி. காபனீரொட்சைட்டு சரி. ஒவ்வொன்றுக்கும் விடையைப் பார்த்துவிட்டு என்னைப் பார்க்கிறாள். எனக்கு ஒன்றும் தெரியாது, சரி போட்டிருக்கிறதா என்று மட்டும் பார்த்துத் தலையாட்டினேன். எல்லாம் வாயுக் கணக்கு. வாயு என்றாலென்ன, சரி வந்தால் போதும்.

ஜூலை 8, செவ்வாய்

சோதனை. காலையில் யாஸீன் ஓதித் தண்ணீரில் ஊதிக் குடிக்கக் கொடுத்தாள் பௌசியா.

றி. பகல் வந்தாள். வாசலிலேயே: "எல்லாம் எழுதின வாப்பா. ஒரு கேள்வியும் விடல்ல!"

கோழி வாங்கினேன்.

ஜூலை 10, வியாழன்

எழுத மனமில்லை. எழுதாமலும் ஏலாது.

ரீச்சர் வரச்சொன்னார். அதே ஆய்வுகூடம். ஸ்டூலைத் தடவிப் பார்த்துவிட்டு நின்றபடியே இருந்தேன். றி. எனக்கு ஒரு அடி பின்னால்.

பாஸுக்கு ஐந்து புள்ளி குறைவு.

ரீச்சர் விடைத்தாளை மேசையில் விரித்தார். வாயுக் கேள்விகள் எல்லாம் சிவப்பில் சரி. கீழே ஒன்று: ஒரு மூல் நீர், திரவமாக, எவ்வளவு இடம் பிடிக்கும்? அழகான கையெழுத்தில் இருபத்திரண்டு தசம் நாலு லீற்றர். அடுத்தது உப்பு. அதற்கும் இருபத்திரண்டு தசம் நாலு. பக்கத்தில் சின்னதாக ஒரு பேணி கீறியிருந்தாள். எங்கள் பேணி. வாயில் இருக்கிற நெளிவைக் கூட விடவில்லை.

"இது எந்த ரியூசன்ல சொல்லிக் குடுத்தது?"

பின்னாலிருந்து றி.: "ஒருத்தரும் இல்ல ரீச்சர். நானா நினைச்ச."

பொய் சொல்லிப் பழகாத பிள்ளை.

"நான்தான் ரீச்சர்," என்றேன். "பித்ராப் பேணியால."

ரீச்சர் சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். சிரிக்கவில்லை. பேணி என்ன, ஸாஉ என்ன என்று பொறுமையாகக் கேட்டார். சொன்னேன். கடைசியில்: "வாயுவுக்கு நீங்க சொன்னது சரிதான் காக்கா. வாயு எல்லாத்துக்கும் ஒரே பேணி. தண்ணிக்கு, உப்புக்கு, இரும்புக்கு அப்பிடி இல்ல. உங்கட பேணிக்குள்ள அரிசி எத்தினை மணி இருக்கும்?"

"அதை ஆரு ரீச்சர் எண்ணின?"

"பேரீச்சம்பழம் எத்தினை?"

"ஒரு நூறு, நூற்றைம்பது..."

"அதுதான் விசயம். உங்கட பேணியில இடம் ஒண்டு, எண்ணிக்கை வேற வேற. மூல்ல எண்ணிக்கை ஒண்டு. இடம் எப்பிடியும் இருக்கட்டும்."

தலையாட்டினேன். இந்த முறை பலமாக இல்லை.

"பிள்ளையில பிழை இல்ல காக்கா. நீங்க சொன்னதை அப்பிடியே நம்பி எழுதியிருக்கு. ஒரு இடத்திலயும் வெட்டித் திருத்தல்ல."

அதற்குப் பிறகு ரீச்சர் சொன்னது பாதிதான் காதில் ஏறியது. நான் ஏதோ கேட்டேன், பிழை என்னுடையது, புள்ளியைக் கொஞ்சம் பார்க்கலாமா என்கிற மாதிரி. வெட்கம். அது ஏலாது என்றார். பிள்ளை விரும்பினால் இன்னொரு தரம் சோதனை வைக்கலாம் என்றார்.

றி.: "வேணாம் ரீச்சர்."

வீதியில்:

"ஏன் மகள் வேணாமெண்ட?"

"களைச்சிட்டன் வாப்பா. செல்லினேனே, இதோட முடிவெண்டு."

"பிழை என்ட பிழை."

"நீங்க செல்லாட்டியும் பெயில்தான் வாப்பா. ஒங்கட பேணியாலதானே வாயுக் கணக்கு எல்லாம் சரி வந்த."

என்னைத் தேற்றுகிறாள். என் பிள்ளை, என்னை.

வந்து ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தைப் புரட்டினேன். மூன்றாவது வரி: லீற்றரும் அல்ல. எழுதியவன் நான்தான். அன்று பகலே ஓம் என்றவனும் நான்தான். நெல்லில் ஒரு மூல் இலங்கையை மூடும் என்று திங்கட்கிழமை சிரித்தோமே, இருபத்திரண்டு லீற்றர்ப் பேணிக்குள் அது எப்படிக் கொள்ளும் என்று இரண்டு பேரில் ஒருவருக்காவது தோன்றியிருக்கக் கூடாதா? அவளுக்குத் தோன்றியிருக்கும். வாப்பா சொன்னார் என்று விட்டிருப்பாள்.

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஓம் என்று சொல்ல எடுத்த அதே நேரம்தான் அதற்கும்.

ஜூலை 11, வெள்ளி

ஜும்ஆத் தொழுகை. குத்பாப் பிரசங்கத்தில் மனம் நிற்கவில்லை. முன்வரிசையில் ஒரு சின்னப் பிள்ளை தகப்பன் செய்வதையெல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்தது. தகப்பன் தொப்பியைச் சரிசெய்தார்; அதுவும் சரிசெய்தது. தகப்பன் கொட்டாவி விட்டார், அதுவும்.

அதிபருக்குக் கடிதம். என் மகளைக் கலைப் பிரிவுக்கு மாற்றித் தரும்படி தயவாய்க் கேட்டுக்கொள்கிறேன். தயவாய் என்ற இடத்தில் பேனை நின்றது. றி.தான் பக்கத்தில் நின்று அடுத்த சொல்லைச் சொன்னாள்.

இன்னொரு தரம் கேட்டேன், ஒருக்கா எழுதிப் பார் என்று. அழவில்லை, கோபப்படவில்லை. "வாப்பா, அந்தக் கேள்வித்தாளைத் தொட்டாலே எனக்குக் கை குளிருது. புவியியல் எனக்கு நல்லா வரும்." நல்லா வரும் என்றபோது சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பௌசியா குசினியில், எனக்குக் கேட்கிற மாதிரி: "நெல்லு அளக்கிற மனிசன் நெல்லை அளந்தாப் போதும்." பிறகு தானே பிளேன்ரீ கொண்டுவந்து வைத்தாள். சீனி கூடப் போட்டு.

பேணி அலுமாரிக்கு மேலே. எட்டாத இடத்துக்குத் தள்ளிவிட்டேன்.

ஜூலை 12, சனி

மில். ஈர நெல் வந்தது, திருப்பி அனுப்பினோம். சலீம்: "என்ன காக்கா, மூல் கதை ஒண்டையும் காணல்ல?" வயிறு சரியில்லை என்றேன்.

பின்னேரம் வீட்டுக்கு வந்தபோது முன்வீட்டுப் பிள்ளை வெளியே போய்க்கொண்டிருந்தது. இந்த வருடம்தான் உயிரியலுக்குப் போகிறதாம். இரண்டு கையிலும் றி.யின் கெமிஸ்ட்ரிப் புத்தகங்கள். மேலே மடித்து வைத்த வெள்ளைக் கோட்டு, ஆய்வுகூடத்துக்குப் போடுகிறது. பௌசியா தைத்தது. கோட்டுப் பையில் றி.யின் பெயரும் இழையால் போட்டிருந்தாள். அந்த இழையைப் பிரித்திருந்தார்கள், ஊசித் துளைகள் மட்டும்.

"நல்லாப் படிக்கணும் என்ன?" என்று அந்தப் பிள்ளையிடம் சொன்னேன். வேறு என்ன சொல்வது.

றி. படிப்பு மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பாதி வெறுமையாக இருந்தது. "இப்ப இடம் கிடக்கு வாப்பா," என்றாள்.

ஜூலை 13, ஞாயிறு

காற்று விழுந்துவிட்டது. கடல் சத்தம் வீட்டுக்குள் கேட்டது.

சுபஹுக்குப் பிறகு படுக்கவில்லை. குசினிக்குள் போனேன். வீட்டில் எல்லோரும் தூக்கம். கேக் தராசு வெளியே இருந்தது. ரீச்சர் சொன்னது ஒன்று வியாழனிலிருந்து தலைக்குள் கிடந்து உருள்கிறது. இடம் எப்படியும் இருக்கட்டும், எண்ணிக்கை ஒன்று.

எண்ணிக்கை ஒன்று. சரி. ஆனால் யாராலும் எண்ண முடியாது. எண்ண முடியாத ஒன்றை என்ன செய்வது?

நிறுப்பது.

தேத்தண்ணிக் கோப்பையைத் தராசில் வைத்துப் பூச்சியமாக்கினேன். தண்ணீர் விட்டேன், பதினெட்டுக் கிராம். ஒரு மூல் தண்ணீர் என்று புத்தகத்தில் பார்த்த எண், ஏனென்று தெரியாமல் மனதில் நின்றது. கோப்பையின் அடி மட்டும் மறைந்தது. பிறகு ஒரு தட்டில் ஒரு மூல் உப்பு, அதுவும் புத்தகத்தில் இருந்தபடி ஐம்பத்தெட்டரைக் கிராம். சின்னக் குவியல். அரைக் கிராம் சரியாக வரவில்லை, பரவாயில்லை.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு முன்னால் குந்தினேன். இடம் வேறு. நிறை வேறு. உள்ளே இருக்கிற எண்ணிக்கை ஒன்று. தண்ணீர்த் துணிக்கை இலேசு, அதனால் அவ்வளவு. உப்பு பாரம், அதனால் இவ்வளவு. எண்ணுகிற வேலையைத் தராசு செய்கிறது. மில்லில் வருடக்கணக்காகத் தராசோடு நிற்கிறேன். அது எண்ணவும் செய்யும் என்று நினைத்ததில்லை.

சுவர் இல்லை. ஒரு இடத்திலும் சுவர் இல்லை. இவ்வளவுதானா, யா அல்லாஹ்? இதற்கா அந்தக் கை குளிர்ந்தது?

விளங்கியது, ஒரு கிழமை பிந்தி, வேறு ஆளுக்கு.

கோப்பையை எடுத்து அந்தத் தண்ணீரைக் குடித்தேன். ஒரு மிடறு. தொண்டையைத் தாண்டக் கூடக் காணவில்லை.

பின்னால் றி. நின்றாள். கலைந்த தலை, தூக்கக் கண். தராசைப் பார்த்தாள், உப்பைப் பார்த்தாள், என் கையிலிருந்த கோப்பையைப் பார்த்தாள்.

"என்ன வாப்பா செய்றீங்க?"

"தண்ணி குடிக்கன்."

"தராசில வெச்சா?"

"உம்மாட தராசு சரியா எண்டு பார்த்த."

பிறகு உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு, இந்தக் கிழமை முழுக்கக் காணாத சிரிப்பு. "பொய்க்காற வாப்பா. இன்னும் அந்த மூல்லயா நிக்கிறீங்க? விளங்கிட்டா?"

"நமக்கெங்க புள்ள விளங்குற," என்றேன். "எஃப் எடுத்த மண்டை."

அவள் சிரித்தாள். சத்தமாகவே சிரித்தாள். உப்பைத் திரும்பப் போத்தலுக்குள் கொட்டினாள், தட்டைக் கழுவி வைத்தாள், தேத்தண்ணிக்கு அடுப்பு மூட்டினாள். முதுகைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

வாய் வரை வந்து நின்றது: விளங்கிட்டு மகள், ஒரு மிடறுதான்.